ஆறு காம்பராவுக்கு ஒரு ரிமோட்

பிளாஸ்டிக் குச்சி கண்ணாடியில் படும்போது 'டிக்'கென்று ஒரு சின்னச் சத்தம்... தகரத்தில் மழை கொட்டும் நாளிலும் அது எனக்குக் கேட்கும். அடுத்த நொடி டிவியில் படம் மாறும்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய ஆரம்ப வருடங்கள். இலங்கை மலைநாட்டில், பூனாகலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயம்; ஒரே கூரைக்கு அடியில் வரிசையாக ஆறு காம்பரா வீடு. நான் பதுளையில் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் வேலை, ஞாயிறு மட்டும் வீட்டில்.

என் அண்ணன் ரவி ஒரு டிஷ் பூட்டி, கூரைக்கு அடியால் வயர் இழுத்து, லயத்தின் ஆறு காம்பராவுக்கும் கனெக்ஷன் கொடுத்திருந்தார். ஆறு குடும்பம், ஆறு டிவி. ஆனால் டிகோடர் ஒன்றுதான், அது எங்கள் வீட்டில். நாங்கள் எதைப் போடுகிறோமோ அதைத்தான் மொத்த லயமும் பார்க்க வேண்டும்.

பிடிக்காவிட்டால் சுவரில் தட்டுவார்கள். சீரியல் நேரத்தில் கிரிக்கெட் போட்டால் இரண்டு பக்கச் சுவரும் அதிரும்.

இதற்கிடையில் டிகோடர் ரிமோட் சாகக் கிடந்தது. பட்டன் தேய்ந்து, செலோடேப் சுற்றி... அப்போதுதான் துபாயில் இருந்த மாமா மகன், தான் பாவித்த கையடக்கக் கணினி ஒன்றைக் கொடுத்தனுப்பினார். போன் இல்லை, பேச முடியாது. கறுப்பு வெள்ளைத் திரை, எழுத ஒரு குச்சி, உச்சியில் ரிமோட்டுக்கு இருப்பது போல ஒரு கறுப்புக் கண்.

அந்தக் கண்ணைப் பார்த்ததும் அண்ணனுக்கு யோசனை வந்துவிட்டது. பண்டாரவளையில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த கூட்டாளியிடம் போய், அதை ரிமோட்டாக மாற்றும் சொப்ட்வெயாரை ஏற்றிக்கொண்டு வந்தார். பழைய ரிமோட்டையும் இதையும் மேசையில் மூக்கோடு மூக்கு வைத்து, ஒவ்வொரு பட்டனாக அமுக்கிச் சொல்லிக்கொடுக்க வேண்டும். இது எல்லாவற்றையும் ஞாபகம் வைத்துக்கொள்ளும்.

அம்மா பார்த்துவிட்டு, "என்னடா, ரெண்டுக்கும் கலியாணம் பேசுறியா?" என்றார்.

வேலை செய்தது. ஆனால் கண் கொஞ்சம் மங்கல். டிகோடருக்குப் பக்கத்தில் போய்க் கையை நீட்டினால்தான் சேனல் மாறும். எழுந்து போய் அமுக்குவதற்கு ரிமோட் எதற்கு என்று கேட்டால் அண்ணன் முகம் மாறும்.

அடுத்தது அட்டவணை. டவுனில் இந்தியச் சஞ்சிகை வாங்கி, அதில் இருந்த நிகழ்ச்சி நேரங்களையெல்லாம் குச்சியால் குத்திக் குத்தி ஏற்றினார். அப்போது நம் கடிகாரம் இந்தியக் கடிகாரத்தை விட அரை மணி முன்னால் ஓடியது. அங்கே எட்டு என்றால் இங்கே எட்டரை. எல்லாவற்றுக்கும் அரை மணி கூட்டியே போட்டார். லயத்தில் எல்லோரும் யோசிக்காமல் கூட்டிக்கொள்வோம்.

ஒவ்வொரு காம்பராவுக்கும் அவர்கள் கேட்ட நிகழ்ச்சி. ஐந்து நிமிடம் முன்பே பீப் அடிக்கும். சுவர் தட்டுவது மெல்ல நின்றது.

கடைசிக் காம்பரா மல்லிகா அக்கா மட்டும் எதுவும் கேட்டதில்லை. போடுவதைப் பார்ப்பார். ஒரு நாள் கொழுந்துக் கூடையோடு அப்படியே வந்து எங்கள் வாசலில் அண்ணன் முன்னால் நின்றாராம்.

"தம்பி, வர்ற ஞாயித்துக்கெழம எனக்கு கொஞ்ச நேரம் குடுப்பியா?"

அவருடைய தங்கச்சி பாக்கியம், சின்ன வயதில் மாமா குடும்பத்தோடு இந்தியாவுக்குக் கப்பலேறிப் போனவர். அம்மாவுக்கு இந்தியா போகப் பேப்பர் கிடைக்காததால் மல்லிகா அக்கா இங்கேயே நின்றுவிட்டார். கடிதமும் இடையில் நின்று போய், இப்போதுதான் பஜார் கடை போனுக்கு ஒரு கோல் வந்திருக்கிறது. பாக்கியத்தின் மகள் டிவியில் பாடுகிறாளாம். பாக்கியமும் பார்க்கிற கூட்டத்தில் முன்னால் உட்கார்ந்திருக்கிறாளாம்.

"எத்தன மணிக்குக்கா?"

"பதினொன்னரைக்குன்னு சொன்னா."

அண்ணன் குச்சியை எடுத்தார். கை பழக்கத்தில் அரை மணி கூட்டி, பன்னிரண்டு என்று போட்டார்.

ஞாயிறு காலை மல்லிகா அக்கா துவைத்த சேலையில், ஒரு கேத்தல் பிளேன்டீயோடு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். தன் டிவியில் படம் தெளிவில்லையாம். கிரிக்கெட் ஓடிக்கொண்டிருந்தது. அவரும் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பீப் அடித்தது. அண்ணன் எழுந்து போய்க் கையை நீட்டினார். டிக்.

ஒரு சிறுமி பூங்கொத்தோடு நின்றாள். கூட்டம் கை தட்டியது. கேமரா உட்கார்ந்திருந்தவர்கள் மேல் ஒரு தடவை ஓடியது.

"இது முந்தின புரோகிராம்க்கா, இப்ப முடிஞ்சிரும்," என்றார் அண்ணன்.

மல்லிகா அக்கா டிவிப் பக்கம் குனிந்தார். கேத்தலை மடியில் பிடித்தபடி, "எங்கம்மா..." என்றார். அவருடைய அம்மா செத்துப் பல வருடம். எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

பெயர்கள் ஓடின. பிறகு விளம்பரம். பன்னிரண்டு மணிக்குச் சமையல் நிகழ்ச்சி; யாரோ கத்தரிக்காய் வெட்ட ஆரம்பித்தார்கள்.

அப்போதுதான் எல்லோருக்கும் விளங்கியது. அந்தக் கூட்டத்தில் அவர் பார்த்தது பாக்கியத்தை. வயது ஏறி, அப்படியே அம்மா முகம். அண்ணன் குச்சியைக் கீழே வைத்தார்.

"அவ நம்ம நேரத்ததான் தம்பி சொல்லியிருக்கா," என்றார் மல்லிகா அக்கா. "அங்கருந்தே கூட்டி சொல்லியிருக்கா." பிறகு, "இத்தன வருசமாகியும் நம்ம நேரம் அவளுக்கு தெரிஞ்சிருக்கு பாரு," என்று சொல்லிக்கொண்டே எங்களுக்கு பிளேன்டீ ஊற்றினார்.

சில வருடங்களில் நம் கடிகாரத்தைப் பின்னால் தள்ளி இந்திய நேரத்தோடு சேர்த்துவிட்டார்கள். கையடக்கக் கணினி பேட்டரி ஊதிச் செத்தது. இப்போது காம்பராவுக்கு ஒரு டிஷ், ஆளுக்கொரு போன். யாரும் யார் சுவரையும் தட்டுவதில்லை.

போன தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது மல்லிகா அக்கா வாசலில் உட்கார்ந்து வீடியோ கோலில் பேசிக்கொண்டிருந்தார். திரையில் பாக்கியம், தலை முழுக்க நரை.

"நாளைக்கு உங்க நேரம் ஏழு மணிக்குக் கூப்பிடுறேன்க்கா," என்றார் பாக்கியம்.

இரண்டு ஊருக்கும் ஒரே நேரமாகி எத்தனையோ வருடம். மல்லிகா அக்கா அதைச் சொல்லவில்லை.

"ம், எங்க நேரம் ஏழு மணி," என்றார்.