விரல் நுழையும் இடைவெளி

எண்பதுகளின் தொடக்கம். ராசிபுரம் பக்கம் ஒரு விவசாயி கட்டிய கடலைக் கிடங்கில், இரும்பு பீம்களைத் தூணோடு பூட்டும் முனைத் தகடும் போல்ட்டும் நான் கணக்குப் போட்டவை. நான் பார்வையிடப் போன நாளுக்கு மறுநாள் அவர் மகள் கல்யாணம், கிடங்கின் மாடியில் பந்தி. சேலத்திலிருந்து இரண்டு பஸ் மாறி, களைத்துப்போய் அங்கே இறங்கினேன்.

ஒரு பீம் நீளம் குறைந்து வந்திருந்தது. முனைத் தகட்டுக்கும் தூணுக்கும் நடுவே விரல் நுழையும் இடைவெளி.

"போல்ட்ட முறுக்குனா தானா ஒட்டிக்குமுங்க" என்றார் ஃபிட்டர்.

ஒட்டும்தான். ஆனால் தகடு வளைந்து, மேலே ஆள் ஏறும் முன்பே போல்ட்டுகள் பாரம் சுமக்கத் தொடங்கிவிடும். அந்தச் சந்துக்குச் சரியான கனத்தில் தகடு வெட்டிச் செருக வேண்டும், அதற்கு இரண்டு நாளாகும் என்றேன்.

விவசாயி பீமை அண்ணாந்து பார்த்தார். "ஏனுங்க, ஒரு நாளைக்குத் தாங்காதுங்களா?"

"தெரியலைங்க."

அவர் தன் தம்பியைக் கூப்பிட்டு, "மேல பந்தி வேண்டாம். களத்துல பந்தல் போடச் சொல்லு" என்றார். என்னிடம் திரும்பி, "நீங்க மொதல்ல சாப்புடுங்க சாமி" என்றார்.

அந்த ஊரில் என்னைக் கண்டிப்பான ஆள் என்கிறார்களாம். அன்று எனக்கிருந்த அலுப்பில், அவர் இன்னொரு முறை கேட்டிருந்தால் "சரி, முறுக்குங்க" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறியிருப்பேன்.

அவர் கேட்கவில்லை.