முனியாண்டி மேடையில் ஒரு சாண் இடம்

காலை ஏழரைக்கு பாச்சாங்கில் பஸ் ஏறினேன். பெம்பானுக்கு டிக்கெட் ஐம்பது காசு. பன்னிரண்டு மைல் தூரத்துக்குள் மூன்று இடத்தில் நிறுத்தி, எல்லாரையும் இறக்கி, அடையாளக் கார்டைப் பார்த்து, மறுபடி ஏற்றினார்கள். காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளைப் பிடிக்க அவசரகாலம் என்று பெயர்தான். இந்த ரோட்டில் அவசரமாக எதுவும் நடந்து நான் பார்த்ததில்லை.

மடியில் ஒரு துணி மூட்டை. உள்ளே எங்கள் வீட்டு உடைந்த பீங்கான்: இரண்டு மங்குக் கிண்ணம், ஒரு தட்டு, மூக்குப் போன டீ ஜாடி. என் வீட்டுக்காரர் ஜாசினுக்கும் ஆசஹானுக்கும் நடுவே லாரி ஓட்டுகிறார். போன மாதம் அந்த ரோட்டில் அவருக்கு முன்னால் போன லாரியைக் காட்டிலிருந்து சுட்டுவிட்டார்கள். அன்றைக்கே வேண்டிக்கொண்டேன். அவர் பிறந்து வளர்ந்த ரப்பர் தோட்டத்தில் முனியாண்டிக்குப் புது மேடை கட்டுகிறார்கள். அவரவர் வீட்டு உடைந்த பீங்கானைக் கொண்டுபோய், அவரவர் கையாலேயே மேடையில் பதிக்க வேண்டும் என்பது அங்கே வழக்கம். நானும் ஒரு சாண் இடத்துக்குப் பதிக்கிறேன், இவரைக் காப்பாற்றிக் கொடு என்றேன். சூடு நடந்த பிறகு இத்தனை நாள் வேறு ரோட்டில் ஓட்டினார். நாளைக்கு மறுபடி ஆசஹான். அதற்குள் வேண்டுதலை முடித்தாக வேண்டும்.

ஒன்பதே கால். பெம்பானில் நாத்தனார் சரசு காத்திருந்தாள். அங்கிருந்து தோட்டத்துக்கு இரண்டு மைல் நடை. சரசுவின் புருஷன் அங்கே ஸ்பெஷல் போலீஸ். தினமும் துப்பாக்கியோடு காட்டோரம் போய்வருகிறவர். காட்டிலிருப்பவர்களுக்குச் சோறு போகிறதா என்று கம்பிவேலி கேட்டில் காவல்காரர் என் மூட்டையைப் பிரித்தார்.

"சாப்பாடு எங்க?"

"சாப்பாடு இல்லைங்க."

"தட்டு, மங்கு எல்லாம் இருக்கு. சாப்பாடு மட்டும் இல்லையா?"

"உடைஞ்ச தட்டுல யாருங்க சோறு கொண்டு வருவா?"

அதற்காகவே ஒவ்வொரு துண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்து அரை மணி நேரம் எடுத்துக்கொண்டார். சரசு என் முழங்கையைக் கிள்ளினாள். வாயை மூடிக்கொண்டிருப்பது எனக்கு வராத காரியம்.

பத்தரை. மேடையில் கொத்தனார் வேலாயுதம் அண்ணன் வெற்றிலை மென்றபடி சிமெண்ட் குழைத்துக்கொண்டிருந்தார். தட்டைச் சாக்கில் சுற்றிச் சுத்தியால் தட்டு, சில்லை ஈர சிமெண்டில் கட்டைவிரலால் அழுத்து, பிதுங்கி வருவதைத் துடை. இவ்வளவுதான் பாடம். பார்க்க ஒன்றுமில்லாத வேலை. எனக்கோ ஒரு சில்லு முங்கியது, பக்கத்துச் சில்லு துருத்திக்கொண்டு நின்றது. விரலில் இரண்டு வெட்டு. ஒரு சாண் நிரம்ப ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. கோணல்தான், இருக்கட்டும் என்று சரசு வீட்டுக்குச் சாப்பிடப் போனேன்.

ஒரு மணிக்குத் திரும்பி வந்தால், என் சில்லெல்லாம் நூல் பிடித்ததுபோல் நேராக இருக்கின்றன.

"என்னண்ணே இது?"

"கொஞ்சம் சரி பண்ணிட்டேன்லா, தங்கச்சி. காயறதுக்குள்ள பண்ணாத்தான் உண்டு."

பெயர்த்து எடுக்கச் சொல்லி, மறுபடி பதித்தேன். கை கழுவக் குழாயடிக்குப் போய் வருவதற்குள் மனுஷன் மட்டப்பலகையோடு குனிந்திருக்கிறார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தப் பலகையாலேயே ஒன்று போட்டிருப்பேன்.

"உங்க கை சும்மாவே இருக்காதா அண்ணே?"

"பாக்கறவங்க வேலாயுதம் வேலைன்னுதானே சொல்லுவாங்க? கோணலா விட்டா எனக்குத்தானே கேவலம்?"

"அவரு நாளைக்கு ஆசஹான் ரோட்டுல லாரி எடுக்கறாரு. உசிரோட வீட்டுக்கு வரணும்னு வேண்டிக்கிட்டு வச்சது இது. நீங்க வச்சா என் வேண்டுதல் எப்படி நிறைவேறும்?" சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. எரிச்சல் பாதி, பயம் பாதி.

அவர் பலகையைக் கீழே வைத்தார். மேடையைத் திரும்பிப் பார்த்தார். நான்கு வரிசை, முப்பது வீட்டுப் பீங்கான். ஒரு சில்லுகூட விலகியிருக்கவில்லை.

"அப்ப மத்தவங்களுது?" என்றேன்.

வெற்றிலையைத் துப்பினார். "அவங்க வீட்டுக்குப் போனதும் எல்லாத்தையும் பேத்து எடுத்து நானே வச்சிட்டேன், தங்கச்சி. நல்லா இருக்கட்டும்னுதான் செஞ்சேன்."

திட்டுவதற்கு வாய்நிறைய வந்தது. அவர் முகத்தைப் பார்த்த பிறகு முடியவில்லை. மூன்றாம் தடவையாகப் பதித்தேன். அவர் எதிரே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சிமெண்ட் இறுகும்வரை நான் இடத்தைவிட்டு நகரவில்லை.

நாலரை. ஐந்து மணிக்குக் கேட்டைப் பூட்டிவிடுவார்கள். சரசு என்னை வழியனுப்ப வந்தாள். காலையிலிருந்து நான் பட்ட பாட்டையெல்லாம் அவளிடம் கொட்டித் தீர்க்கத்தான் வாயைத் திறந்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

"என்னுது பாத்தீங்களா அண்ணி? ரெண்டாவது வரிசை, பச்சைப் பூ போட்ட மங்கு. அவரு காட்டுக்குப் போறப்பல்லாம் அதை நெனச்சுக்குவேன். நானே என் கையால வச்சதாச்சே, ஒண்ணும் ஆவாதுன்னு மனசு அடங்கிடும்."

பச்சைப் பூ எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. மயிரிழை விலகாமல் இருந்த வரிசை அது.

"பாத்தேன் சரசு," என்றேன். "ரொம்ப அழகா வச்சிருக்கே."