இரண்டு பேருக்கு மேசை

எனக்கு அறுபது வயது முடிந்ததைக் கொண்டாட, மெல்பேர்னில் இருக்கும் என் மகள் செய்த வேலை இது. ஒரு சேலை அனுப்பியிருக்கலாம். அவளோ துறைமுகத்தின் அந்தக் கரையில் இருக்கும் பெரிய ஹோட்டலில் எனக்கு இரண்டு நாள் அறை எடுத்துவிட்டாள். உவர்மலையில் என் வீட்டு வாசலில் நின்றால் அந்த ஹோட்டலின் வெள்ளைச் சுவர் தெரியும். நேரே பார்த்தால் கூப்பிடு தூரம், வீதியால் சுற்றிப் போனால் அரை மணித்தியாலம். சொந்த ஊரிலேயே ஹோட்டலில் போய்ப் படுக்கிற விசரி நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன் என்று சொன்னேன். "பேசாமல் போங்கோ அம்மா. ரெண்டு நாளைக்கு ஆரையும் ஏசாமல் இருந்து சாப்பிடுங்கோ" என்றாள். எனக்கு வாய் கொஞ்சம் கூட என்பது அவளுக்குத் தெரியும்.

கொண்டாட எனக்கு மனம் இல்லை. அக்கா செத்து அப்போதுதான் ஒரு வருடம் ஆகியிருந்தது.

அக்கா என்னைவிட நாலு வயது மூப்பு. கலியாணம் செய்யவில்லை, கனடாவில் இருந்தவள். ஒன்பது வருடங்களுக்கு முன் அப்பா இறந்தபோது அவளுடைய குடியுரிமைப் பத்திரங்கள் சரிவராததால் வர ஏலாமல் போய்விட்டது. செத்தவீட்டை வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்தவள், பெட்டி மூட முதல் அப்பாவின் முகத்தை ஒருக்கால் கிட்டக் காட்டு என்று கேட்டாள். மூன்று வருடம் அப்பாவை ஒருத்தியாக நின்று பார்த்த களைப்பும் ஆத்திரமும் எனக்கு அந்த நிமிடத்தில்தான் வந்து தொலைத்தன. "பார்க்க வேணுமெண்டால் வந்து பார்த்திருக்க வேணும்" என்று சொல்லித் தொடர்பைத் துண்டித்தேன். பெட்டியை மூடிவிட்டார்கள். அதற்குப் பிறகு நாங்கள் கதைக்கவில்லை. போன வருடம் அவள் புற்றுநோயில் போய்விட்டாள் என்பதை ஒரு மச்சாள் சொல்லித்தான் அறிந்தேன். அவளுடைய செத்தவீட்டைப் பார்க்கவும் ஒரு இணைப்பு வந்தது. நான் அதைத் திறக்கவில்லை.

அன்றிலிருந்து என்னிடம் இருந்தது ஒரே கேள்விதான். அக்கா என்னை மன்னித்துவிட்டுப் போனாளா, கோபத்தோடேயே போனாளா? குளிக்கும்போதும் அதுதான், சோறு வடிக்கும்போதும் அதுதான். கேட்பதற்கு ஆள் இல்லை.

ஹோட்டல் வாசலில் முகம் துடைக்கக் குளிர்ந்த துவாய் தந்தார்கள், கொய்யாச் சாறு தந்தார்கள். அரசாங்கக் கச்சேரியில் முப்பது வருடம் கிளாக்காக இருந்த எனக்கு, ஒரு கிளாஸ் தண்ணீருக்கே பியோனைக் கெஞ்சித்தான் பழக்கம். வரவேற்புக் கவுண்டரில் சாம்பல்தீவுப் பக்கத்துப் பிள்ளை ஒன்று நின்றது. கணினியைப் பார்த்தது, என் முகத்தைப் பார்த்தது. பிறகு தெரிந்தவரைப் பார்த்ததுபோல் முழுப் பல்லும் தெரியச் சிரித்தது.

"திரும்ப வந்தது சரியான சந்தோசம் மேடம்."

"நான் இஞ்ச வந்ததே இல்லைப் பிள்ளை."

நான் ஏதோ பகிடி விட்டதாக நினைத்து அது இன்னும் சிரித்தது. அடையாள அட்டையை வாங்கிப் படி எடுத்தது. ஆனால் நம்பியது கணினியைத்தான், அட்டையை அல்ல.

என் பையைத் தூக்கி வந்தவர் அறைக் கதவைத் திறந்து விட்டு ஒதுங்கி நின்றார். வெளியே நல்ல வெயில். உள்ளே படுக்கை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மேசையில் ஒரு சுடுதண்ணீர்ப் போத்தல். மூடியைத் திறந்தால் கொத்தமல்லி மணம். எதிர்ச் சுவரில் ஆள் உயரக் கண்ணாடி ஒன்று இருந்திருக்க வேண்டும். அதை ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பால் மேலிருந்து கீழ்வரை மூடியிருந்தார்கள்.

"போன முறை கேட்ட மாதிரியே எல்லாம் செய்திருக்கு மேடம்" என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

செத்தவீடுகளில்தான் கண்ணாடியை அப்படி மூடி வைத்ததைப் பார்த்திருக்கிறேன். இவ்வளவு பெரிய ஹோட்டலில் வேறு சனம் இருக்கும் சத்தமே இல்லை. குளிரூட்டியைக்கூட மெதுவாகத்தான் விட்டிருந்தார்கள். விரிப்பை இழுத்துக் கழற்றினேன். உள்ளே நான் நின்றேன். வேறு என்னத்தை எதிர்பார்த்தேன் என்று தெரியவில்லை.

யன்னலோரம் ஒரு கதிரை. அந்த அறையில் இருப்பவர்கள் பூந்தோட்டத்தைப் பார்க்கலாம், துறைமுக வாயைப் பார்க்கலாம், புல்லில் மேயும் மான்களைப் பார்க்கலாம். கதிரையோ அது எல்லாவற்றையும் விட்டு ஒரு மூலைக்குத் திரும்பி நின்றது. இருந்து பார்த்தேன். தண்ணீர், சாம்பல் நிறக் கடற்படைக் கப்பல்கள், அவற்றுக்கு மேலே உவர்மலைக் கூரைகள். நடுவில் ஒரு நீலத் தண்ணீர்த் தாங்கி. அது என் வீட்டுத் தண்ணீர்த் தாங்கி.

தொலைபேசியை எடுத்துக் கவுண்டர்ப் பிள்ளையிடம் சத்தம் போட்டேன். ஆர் இந்தக் கதிரையை இப்படி வைத்தது?

"நீங்கள்தான் மேடம். முந்தின வருசம் வந்து நிக்கேக்க வைச்சது. புக்கிங்கில கிடந்த போன் நம்பரைப் போட்டவுடனே எல்லாம் வந்திட்டுது" என்று சொல்லி நம்பரையும் வாசித்தது. என் நம்பர்தான்.

எவளோ ஒருத்தி என் நம்பரைக் கொடுத்து இங்கே வந்து, இந்தக் கதிரையில் இருந்து என் வீட்டைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறாள். பொலிசுக்குப் போவதா, வீட்டுக்குப் போவதா என்று யோசித்தபடி இருந்ததில் பொழுது சாய்ந்தது. உண்மையைச் சொன்னால் பயந்துபோனேன். சனம் இருக்கும் இடத்தில் இருப்போம் என்றுதான் சாப்பிடப் போனேன்.

சாப்பாட்டு மண்டபம் தண்ணீருக்கு மேலே மரப்பலகையில் கட்டியிருந்தது. என்னோடு சேர்த்து மூன்று மேசைகளில்தான் ஆள். என்னுடையதில் இரண்டு பேருக்குப் பிளேட், இரண்டு பேருக்குக் கிளாஸ், இரண்டு பேருக்குத் துணி. வண்டில் சில்லு அளவு பிளேட்டின் நடுவில் பொட்டு வைத்ததுபோல் ஒரு துண்டு மீன் வந்தது. அதன் பேரைச் சொல்ல வெயிட்டருக்கு ஒரு நிமிடம் பிடித்தது, எனக்குச் சாப்பிட அரை நிமிடம். அவர் கிண்ணியாக்காரர், நாற்பது நாற்பத்தைந்து வயது இருக்கும். நான் வந்ததில் இருந்து என்னைப் பார்த்துப் பார்த்துச் சந்தோசப்பட்டுக்கொண்டே இருந்தார்.

ஐந்தாவதாக ஒரு சின்ன மூடிச் சட்டியைக் கொண்டுவந்து வைத்தார். "இது மெனுவில இல்ல மேடம். நீங்க வாறீங்க எண்டு தெரிஞ்சு குசினியில செஞ்ச. நீங்க காட்டிக் குடுத்ததுதான்."

மூடியைத் திறந்தார். இடியப்பமும் சொதியும். சொதி வெள்ளையாகவோ மஞ்சளாகவோ இல்லை, சாம்பல் பூத்து இருந்தது. புகை மணம் வந்தது.

எங்கள் அம்மா ஒருமுறை தேங்காய்ப் பாதியை அடுப்புக்குப் பக்கத்தில் மறந்து கருகவிட்டுவிட்டு, எறிய மனமில்லாமல் அதையே துருவிப் பிழிந்து சொதி வைத்தா. எனக்கும் அக்காவுக்கும் அது பிடித்துப் போனது. அதற்குப் பிறகு வேண்டுமென்றே கருக்கித்தான் வைப்பா. உறவுக்காரருக்குக்கூடக் கொடுக்க மாட்டா, ஊத்தைச் சொதி என்று சிரிப்பார்கள் என்று. அம்மாவுக்குப் பிறகு இந்த உலகத்தில் அது தெரிந்தது இரண்டே பேருக்கு.

ஒரு வாய் வைத்தேன். கரண்டியைப் பிளேட்டில் வைத்துவிட்டேன்.

"நல்லா உடம்பு தேறி வந்திருக்கீங்க" என்றார் வெயிட்டர். "அண்டைக்கு முடியெல்லாம் கொட்டி, தலையில துணியைக் கட்டிக்கிட்டு, ரெண்டு கையாலயும் கிளாஸப் புடிச்சுத்தான் குடிச்சீங்க. நான் ஒவ்வொரு தொழுகையிலயும் உங்களுக்காகத் துஆ கேட்டன். அல்ஹம்துலில்லாஹ். இப்ப பாக்கச் சந்தோசமா இருக்கு."

அக்கா பிழைத்துவிட்டாள் என்று நினைத்து அந்த மனிசன் எனக்கு முன்னால் நின்று சந்தோசப்பட்டது. எனக்கும் அவளுக்கும் முகச்சாடை ஒன்று, பெயர்கள் ஒரே எழுத்தில் தொடங்குபவை, இருவரும் சேர்த்து எழுதுவது அப்பாவின் பெயரைத்தான். அவரைத் திருத்த வாய் வரவில்லை. திருத்தினால் அனுதாபம் சொல்லிவிட்டுப் போய்விடுவார். எனக்கோ கேட்க வேண்டியிருந்தது. ஆகவே அக்காவாகவே இருந்தேன்.

"ரெண்டு பிளேட் ஏன்?"

"தங்கச்சி வருவா எண்டு சொல்லுவீங்களே. எட்டு மணி மட்டும் பாத்துக்கிட்டு இருப்பீங்க. புறகு மத்தப் பிளேட்ட எடுக்கச் சொல்லிட்டுச் சாப்பிடுவீங்க. எல்லா நாளும் அப்பிடித்தான்." என் முகத்தைப் பார்த்துக் குரலைத் தணித்தார். "மறந்து போச்சா மேடம்? அந்த மருந்து அப்பிடித்தான். எங்கட வாப்பாவுக்கும் மறதி வந்த."

"தங்கச்சியோட நான் கோபமா இருந்தனானோ?"

அவர் யோசித்தார். "அது எனக்குத் தெரியா. ரிசப்ஷன்ல நிக்கிற பிள்ளையைக் கேளுங்க. பின்னேரம் எண்டா நீங்க அந்தப் பிள்ளைக்குப் பக்கத்திலதான்."

மற்ற மேசைகளில் இருந்தவர்கள் எழுந்து போனபிறகும் நான் அந்த இரண்டாவது பிளேட்டைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். அது எனக்காக வைத்த பிளேட்.

காலையில் பல்லைக்கூடச் சரியாகத் தீட்டாமல் கவுண்டருக்குப் போனேன். மருந்தால் எனக்கு எல்லாம் மறந்துபோனதாகவும், போன முறை என்ன நடந்தது என்று சொல்லும்படியும் கேட்டேன்.

"ஐயோ மேடம், நான் மறப்பனோ? ஒவ்வொரு நாளும் பின்னேரம் ஏழு மணிக்கு வந்து இந்தக் கதிரையில இருப்பீங்கள். தங்கச்சிக்குப் போன் எடுத்துச் சாப்பிட வரட்டாம் எண்டு சொல்லுங்கோ பிள்ளை, வேற ஒண்டும் சொல்லவேண்டாம், என்ர பேரும் சொல்லவேண்டாம் எண்டுவியள். நான் இஞ்சத்தை முறைப்படி ஹோட்டல் பேரைச் சொல்லி, ரெண்டு பேருக்கு மேசை போட்டிருக்கு, சாப்பிட வரட்டாம் எண்டு சொன்னனான்."

எனக்கு அந்த அழைப்புகள் ஞாபகம் வந்தன. வங்கிக்காரர் எடுப்பார்கள், காப்புறுதிக்காரர் எடுப்பார்கள், சீட்டிழுப்பில் கார் விழுந்ததாகக்கூட எடுப்பார்கள். அந்த வரிசையில் இதுவும் ஒன்று என்று நினைத்து வாய்க்கு வந்தபடி ஏசியிருக்கிறேன்.

எங்கள் வீட்டில் சண்டை பிடித்தால் ஒருவரோடு ஒருவர் நேரே கதைக்க மாட்டோம். அது இரண்டு நாளும் போகும், பத்து நாளும் போகும். பிறகு ஒருத்தி குசினியில் நின்று, அங்கே ஆர் நின்றாலும் அவரிடம் சொல்லுவாள்: அவளைச் சாப்பிட வரச் சொல்லுங்கோ. மற்றவள் வந்து பிளேட்டுக்கு முன்னால் இருந்தால் சண்டை முடிந்தது. மன்னிப்பு என்ற சொல்லை நாங்கள் யாரும் வாயால் சொன்னதில்லை. இதைவிட வேறு மாதிரி அக்காவுக்குச் சொல்லத் தெரியாது, எனக்கும் தெரியாது. கனடாவில் இருந்து அந்த உடம்போடு வந்து, குசினியில் நிற்க ஆள் இல்லாமல், ஒரு ஹோட்டல் பிள்ளையைப் பிடித்து அதைச் சொல்லுவித்திருக்கிறாள்.

"தங்கச்சி என்ன சொன்னவ?" என்றேன்.

பிள்ளை வாயைப் பொத்திச் சிரித்தது. "என்ர வீட்டில சோறு இல்லையெண்டு உனக்கு ஆர் சொன்னது எண்டா. உங்கட மேசையை நீங்களே சப்பித் தின்னுங்கோ எண்டா. எனக்கு அழுகை வந்திட்டுது. நீங்கள்தான் அதை ஸ்பீக்கரில போடச் சொன்னனீங்கள். அவ ஏச ஏச நீங்கள் சிரிச்சுச் சிரிச்சுக் கண்ணைத் துடைச்சனீங்கள். குரல் குறையேல்ல, நல்லா இருக்கிறாள் எண்டனீங்கள். அதுக்குப் பிறகு அவ வரமாட்டா எண்டு தெரிஞ்சும் எடுக்கச் சொல்லுவீங்கள் மேடம், அவவின்ர ஏச்சைக் கேக்கிறதுக்கு."

அக்கா கோபத்தோடு போகவில்லை. ஒரு வருடமாக எனக்கு வேண்டியிருந்த பதில் இதுதான். நெஞ்சில் கிடந்த ஒரு பாரம் இறங்கியது உண்மை. ஆனால் அவளுடைய காதுக்குள் கடைசியாக நான் போட்டது அந்த ஏச்சு என்பதை நினைக்க, என் வாயில் நானே அடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

"கடைசி நாள்?"

"கடைசி நாள் லைன் போகேல்ல. உங்கட வாகனம் வெளியில நிண்டது. இன்னொருக்கா எடுங்கோ பிள்ளை, இன்னொருக்கா எடுங்கோ எண்டனீங்கள். நாலைஞ்சு தரம் எடுத்துப் பார்த்தனான். பிறகு, பரவாயில்லை, அவள் சாப்பிட்டிருப்பாள் எண்டு சொல்லிப்போட்டுப் போய் ஏறினனீங்கள்."

மூன்றாம் நாள் அழைப்போடு எனக்குப் பொறுமை போய், அயல்வீட்டு மருமகளைக் கூப்பிட்டு, இந்த நம்பர் இனி வராதபடி செய்து தா என்று போனைக் கொடுத்திருந்தேன். அவள் ஏதோ இரண்டு இடத்தில் தட்டித் தந்தாள். அதற்குப் பிறகு அது வரவில்லை. நல்ல நிம்மதி என்று அவளுக்குக் கப்பல் வாழைப்பழம் ஒரு சீப்புக் கொடுத்துவிட்டேன்.

"இந்த முறையும் எடுத்துப் பார்க்கட்டோ மேடம்? புக்கிங்கில குடுத்ததும் தங்கச்சியின்ர நம்பர்தானே" என்று கேட்டபடியே பிள்ளை எண்களை அமர்த்திவிட்டது. எனக்குப் பிடிக்கும் என்று நினைத்து ஸ்பீக்கரிலும் போட்டது.

என் போன் கைப்பைக்குள் இருந்தது. அது அசையவில்லை. ஆளில்லாத அந்தப் பெரிய மண்டபத்தில் டூட் டூட் என்று சத்தம் மட்டும் வந்தது.

"எங்கேஜ்டா இருக்கு மேடம். தங்கச்சி ஆரோடையோ கதைச்சுக்கொண்டு இருக்கிறா போல."

போனை வெளியே எடுத்தேன். பூட்டிய நம்பரை எப்படித் திறப்பது என்று எனக்குத் தெரியாது. அவசரத்தில் எல்லா இடமும் தட்டுப்பட்டது, எங்கெங்கோ போனது, ஒன்றும் திறக்கவில்லை. பிள்ளை தொலைபேசியை வைக்கக் கையைக் கொண்டுபோனது.

"வைக்காதையுங்கோ பிள்ளை" என்றேன். "இன்னொருக்கா எடுங்கோ."