சும்மாட்டில் தொலைந்த நடை

வலக்கை மெஷினின் பிடியைச் சுழற்றுகிறது, இடக்கை பட்டையை இழுத்துப் பிடிக்கிறது. தீப்பெட்டி கொள்ளும் அளவில் ஒரு பை, அதற்கு மூடி, மூடிக்கு இரட்டைத் தையல். இருபத்துநான்கில் இது கடைசி.

கைகள் ஃபலேசியுடையவை. மலாவி ஏரிக்கரையில் எங்கள் சந்தையின் ஒரே பெண் தையல்காரி. உழைப்புக்கும் ரத்தக்கொதிப்புக்கும் என்ன உறவு என்று ஆராய வந்தவர்கள், அடி எண்ணும் சின்னக் கருவியை இடுப்பில் கட்டிக்கொள்ளச் சொன்னார்கள். எங்கள் பெண்களின் இடுப்பில் பாசிமணி இருக்கிறது. புருஷனைத் தவிர எவனும் அதைத் தொட முடியாது. ஆராய்ச்சியும் தொட முடியாது. அதனால் ஃபலேசி, பாவாடைக்கு மேல் கட்டும் சுற்றுத்துணியின் ஓரத்தில் பை தைத்துக் கருவியை அதற்குள் வைத்தாள்.

ஒரு வாரம் கழித்து ஆராய்ச்சியின் மேற்பார்வையாளர் லுசெகெலோ முடிவை வாசித்தார். பெண்கள் பகலில் பெரும்பகுதி அசையாமல் இருக்கிறார்களாம். ஊர்த்தலைவர் ஜஃபாலி சுறுசுறுப்பானவராம். வாடகை சைக்கிளின் பின்சீட்டில் அவர் குலுங்கியதெல்லாம் நடையாக ஏறியிருந்தது. சோம்பேறிப் பெண்களுக்கு இனி தினமும் மதியம் குதிக்கும் பயிற்சி. மேற்பார்வை, மாமரத்தடியில் பல்லாங்குழி ஆடிக்கொண்டே, ஜஃபாலி.

அவர் மனைவி அசியாத்து தையல் கடைக்கே வந்துவிட்டாள். "என்னத்தடி தைச்ச? நான் இடிச்ச மாவு, நான் கிண்டின களி. அதத் தின்னுக்கிட்டே, 'உக்காந்தே இருந்தா ஒடம்பு கெட்டுப் போகும்'னு எனக்குப் புத்தி சொல்றாரு!"

ஃபலேசி தையலைப் பிரித்துப் பார்த்தாள். பழுதில்லை. மறுநாள் அடிகுழாயில் விஷயம் பிடிபட்டது. தண்ணீர் எடுக்க வந்தவர்கள் அந்தச் சுற்றுத்துணியை அவிழ்த்துச் சுருட்டிச் சும்மாடாக்கித் தலையில் வைத்தார்கள். கருவியும் தலைக்கு ஏறியது. அதன்மேல் இருபது லிட்டர் வாளி. ஒரு சொட்டுச் சிந்தாமல் நடக்கிற தலை அசையுமா? கருவி அதை ஓய்வென்று எழுதிக்கொண்டது.

ஃபலேசி உடனே லுசெகெலோவைக் குழாயடிக்கு இழுத்து வந்தாள். கையில் ஃபைல் இருந்தால் எங்களுக்கு எல்லோரும் டாக்டர்தான்.

"வாளியத் தூக்குங்க டாக்டரே."

"நானாம்மா? எனக்கு முதுகுவலி."

"உக்காந்தே இருந்தா வலிக்கும்னு உங்க பேப்பர்லயே இருக்கே!"

நாற்பது அடி போனார். சட்டை, ஷூ, ஃபைல் எல்லாம் நனைந்தன. அவர் சும்மாட்டில் செருகியிருந்த கருவி காட்டியது: கடும் பயிற்சி. பின்னாலேயே அதே தூரம் நடந்த அசியாத்துக்கு: ஓய்வு.

"சிந்துறவருக்கு மார்க்கு, சிந்தாதவளுக்கு முட்டையா?" என்றாள் அசியாத்து. குழாயடி முழுக்கச் சிரித்தது.

அதற்குப் பிறகுதான் இந்தக் கணுக்கால் பட்டைகள். கணுக்காலில் பாசிமணி இல்லை. அங்கே இருப்பது தலைக்கும் ஏறாது. சைக்கிள் பின்சீட்டில் தொங்கும் கால் நடையாகவும் பதியாது.

இப்போது லுசெகெலோ வாசலில் நிற்கிறார்.

"முதல் வாரத் தாளு என்னாச்சு டாக்டரே?"

"அது அப்படியே போகட்டும்மா. இந்த வாரம் சரியா வந்தாப் போதும்."

ஃபலேசி பட்டைகளைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறாள். "தப்பாத் தைச்சா நான் பிரிப்பேன். அது மேலயே தைக்க மாட்டேன்."

அவர் அவளைப் பார்க்கிறார், பட்டைகளைப் பார்க்கிறார். பிறகு ஃபைலைத் திறந்து, முதல் வாரத்தின் குறுக்கே 'செல்லாது' என்று எழுதுகிறார். மதியப் பயிற்சியையும் அடித்து நீக்குகிறார். ஃபலேசி எழுத்துக்கூட்டி இரண்டு முறை படிக்கிறாள். கடைசி நூலைப் பல்லால் கடித்து அறுத்து, பட்டைகளைக் கட்டாக நீட்டுகிறாள். எல்லாவற்றுக்கும் மேலே ஜஃபாலியின் பட்டை.