மரத்தடிப் புள்ளிகள்

"அக்கா, படத்துல அந்த வயல் பச்சைப்பசேல்னு இருக்கு."

"உன் படம் நல்லா இருக்கட்டும். நான் வயல்லயே நிக்கிறேன். மக்காச்சோளம் சுருண்டு கிடக்கு."

"வேற வயலா இருக்கப்போகுதுக்கா."

"ஏம்மா, மூணு வருஷமா இந்த வரப்புல நடக்கறேன், எனக்கே வழி சொல்றியா? இரு, நீ சொல்ற புள்ளி மேலயே போய் நிக்கிறேன்."

தொலைபேசியில் சருகு மிதிபடும் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

"மரத்தடியில நிக்கிறேன்மா," என்றாள் அக்கா. குரல் இறங்கியிருந்தது. "மேல சுத்தற சாட்டிலைட்டு இத்தனை நாளும் மரத்தைப் பாத்துட்டு சோளம் ஜோருன்னு சொல்லியிருக்கு."

"யாருக்கா அங்க நின்னு புள்ளி எடுத்தது?"

"வேற யாரு? நான்தான். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம். வெயில் தாங்கல."

அலுவலகத்தில் கணினி முன் உட்கார்ந்து படம் பார்க்கும் பெண் அந்தப் புள்ளியைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

ஊரே அக்காவைப் 'புள்ளியக்கா' என்றுதான் கூப்பிடும். வயலில் நின்று கைபேசியை அமுக்கினால் அந்த இடம் வரைபடத்தில் புள்ளியாகப் பதியும். செயற்கைக்கோள் ஐந்து நாளுக்கொரு முறை அனுப்பும் படத்தில் அந்தப் புள்ளியின் நிறத்தைப் பார்த்து, எந்த வயல் வாடுகிறதென்று அலுவலகம் பட்டியல் போடும். வாடும் வயலுக்கு வாய்க்கால் தண்ணீர் முதலில்.

அக்கா கைபேசியை ரொட்டி உறையில் சுற்றி வைத்திருப்பாள். ஒரு கால் செருப்புக்குக் கம்பித் தையல். தலையை மட்டும் படிய வாரியிருப்பாள். கேட்டால், "மேல இருந்து பாக்கறதுக்கு என் தலைதானே தெரியும்?" என்பாள்.

அன்று செவ்வாய்க்கிழமை. வியாழன் மாலை பட்டியல் மூடப்படும்; வெள்ளி காலை மதகு திறக்கும். இந்த முறையும் தண்ணீர் தப்பினால் கதிர் பிடிக்காது. அந்த வயல்காரி வரப்பிலேயே வந்து நின்று கேட்டுவிட்டாள்: "எங்க வயலைக் கண்டா மட்டும் உங்க சாட்டிலைட்டு கண்ணை மூடிக்குமா?"

அக்கா வாதாடவில்லை. வரப்பிலிருந்து நாற்பது தப்படி எண்ணி உள்ளே போனாள். நடு வயலில், நடு வெயிலில் நின்று அமுக்கினாள்.

அதோடு முடித்திருக்கலாம். மேலதிகாரியும் அதைத்தான் சொன்னார். "ஒண்ணு திருத்தியாச்சுல்ல, விடுங்கம்மா."

"மாட்டினது ஒண்ணு சார். மாட்டாம எத்தனை இருக்கோ."

முதல் வாரத்தில் எடுத்தவை அறுபத்திரண்டு. அத்தனை வயலுக்கும் மறுபடி நடந்தாள். புதன்கிழமை செருப்பு அறுந்தது. கையில் பிடித்துக்கொண்டு மீதியை நடந்தாள். திரையில் புள்ளிகள் ஒவ்வொன்றாக இடம் மாறுவதை அலுவலகப் பெண் பார்த்துக்கொண்டிருந்தாள். பச்சையாக இருந்தவற்றில் ஒன்பது மஞ்சளாயின. ஒன்பதும் மரத்தடி.

வியாழன் நான்கரை மணிக்கு அக்கா அலுவலகத்துக்கே வந்துவிட்டாள். முகம் கருத்திருந்தது. நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை. ஒன்பது வயல்களும் பட்டியலின் உச்சியில் ஏறிவிட்டனவா என்று விரல் வைத்துப் பார்த்தாள். விரல் கடைசிக் கட்டத்தில் நின்றது.

"திருத்தத்துக்குக் காரணம்னு இருக்கே, அதுல என்னம்மா எழுதியிருக்க?"

"தொழில்நுட்பக் கோளாறுன்னு..."

"அதை அழிச்சிடு தாயி. 'மரநிழலில் நின்று எடுத்தது'ன்னு எழுது. பக்கத்துலயே என் பேரையும் போடு."