சந்தனம் பூசிய பிஸ்டல்

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை என்றால் கறிக்குழம்பு வாசனையோடு துப்பாக்கி எண்ணெய் வாசனையும் கலந்துதான் வரும். அப்பா போலீஸ், ஒரு நீதிபதிக்கு மெய்க்காவலர். கிழக்குத் தாம்பரம் வீட்டுக் கூடத்தில் செய்தித்தாளை விரித்து, குண்டுகள் இருக்கும் மேகசினைக் கழற்றி, உள்ளே எதுவும் தங்கவில்லை என்று மறுபடியும் பார்த்துவிட்டு, பிஸ்டலைப் பாகம் பாகமாகப் பிரிப்பார். குழலுக்குள் பிரஷ் விட்டுத் தேய்ப்பார். துணியால் துடைப்பார். எண்ணெயை மட்டும் கஞ்சத்தனமாகச் சொட்டுச் சொட்டாக விடுவார். "எனக்கு ஒரு நாளாவது இவ்ளோ நேரம் ஒதுக்கியிருப்பீங்களா?" என்று அம்மா சமையலறையிலிருந்து கேட்பாள். அப்பாவுக்கு அந்த நேரம் மட்டும் காது கேட்காது.

அந்த வருடம் ஆயுத பூஜைக்குக் கீழ்க்கட்டளையிலிருந்து அத்தை வந்திருந்தார். அப்பாவின் அக்கா, பக்தியில் தாராளக் கை. அரிவாள்மணை, ஸ்கூட்டர் சாவி, என் பாடப்புத்தகங்கள் எல்லாம் இருந்த வரிசையில், குண்டு நீக்கிய பிஸ்டலையும் வைத்துவிட்டு அப்பா குளிக்கப் போனார். அத்தை எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தார். தம்பியின் உயிரைக் காப்பது என்பதால் பிஸ்டலுக்குத் தனிக் கவனிப்பு: அள்ளி அப்பிய சந்தனம், அதன்மேல் குங்குமம், போதாததற்குத் தேங்காய் எண்ணெய்.

பூஜை முடிந்து பொரியை வாயில் போடுவதற்குள் வாசலில் கார் ஹாரன் அடித்தது. நீதிபதி அவசரமாக வெளியூர் கிளம்புகிறாராம். அவருக்கு அந்த வாரம்தான் கொலை மிரட்டல் வந்திருந்தது. அப்பா குனிந்து பிஸ்டலைப் பார்த்தார். மேல்பாகம் நகரும் இடுக்கெல்லாம் சந்தனம் அடைத்துக் கிடந்தது.

"பூஜையில வெச்சத நாளைக்குக் காலையிலதான்டா எடுக்கணும்," என்று அத்தை குறுக்கே நின்றார். நான் அத்தை கட்சி. பிஸ்டல் வெளியே வந்தால் கணக்குப் புத்தகமும் பின்னாலேயே வந்துவிடுமே.

"அக்கா, ஒரு தடவை சுட்டா இது தானா பின்னால போயி அடுத்த குண்ட ஏத்திக்கணும். சந்தனம் இருந்தா பாதியில நின்னுடும்."

"நின்னா?"

அப்பா வாசலில் நின்ற காரைப் பார்த்தார். அக்கா பேச்சை அவர் ஒருநாளும் மீறியதில்லை.

அம்மாதான் நடுவில் புகுந்தாள். "பாவம்னா எனக்கு வரட்டும் அண்ணி," என்று சாமி படத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, பிஸ்டலை எடுத்து அப்பா கையில் கொடுத்தாள். அவளே செய்தித்தாளை விரித்தாள். அவர் கேட்பதற்கு முன்பே பிரஷும் துணியும் வந்தன. ஞாயிறுதோறும் திட்டிக்கொண்டே அவள் எல்லாவற்றையும் பார்த்துவைத்திருக்கிறாள்.

"ஐயா போன்ல கத்திகினு கீறாரு சார், சீக்கிரம்!" என்றார் வாசலில் டிரைவர்.

"ஆயுதம் சரியில்லாம வந்தா ஐயாவுக்குத்தான் ஆபத்துன்னு சொல்லுங்க," என்று அம்மா அவரை அடக்கினாள்.

அப்பா கடைசியாக ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, மேல்பாகத்தை இழுத்து விட்டுப் பார்த்தார். தடையில்லாமல் போய் வந்தது. குண்டு நிறைந்த மேகசினைச் செருகிய பிறகுதான் ஷூ மாட்டினார். இன்று அதை நினைத்தால் அம்மாவின் காலில் விழத் தோன்றுகிறது.

மறுநாள் மதியம் அப்பா திரும்பியதும் ஓடிப்போய், "சுட்டீங்களாப்பா?" என்று கேட்டேன்.

"இல்லடா கண்ணு. ஒண்ணுமே நடக்கல."

எனக்குச் சப்பென்று போய்விட்டது. இத்தனை ரகளையும் வீண்! ஆனால் அம்மாவும் அத்தையும் அன்று சாயங்காலமே ஒன்றாகப் பிள்ளையார் கோவிலுக்குப் போனார்கள். தேங்காய் உடைத்துவிட்டு இருவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஒன்றுமே நடக்காததற்கு எதற்குத் தேங்காய் என்று எனக்கு அப்போது புரியவில்லை.