ஒரு டிஸ்க், ஐந்து காலி டப்பா

மற்ற தொழில்களில் ஷட்டரைத் தூக்கினால் வேலை ஆரம்பமாகிவிடும்; டிஸ்க் இல்லாத கம்ப்யூட்டர்களை வைத்துப் பாடம் நடத்தும் தொழிலில், மூலையில் உட்கார்ந்திருக்கும் ஒரே ஒரு மிஷினுக்கு மனசு வந்தால்தான் மற்றவற்றுக்குப் பொழுதே விடியும். எண்பதுகளின் கடைசியில் செஞ்சியில் அப்படி ஐந்து மிஷின்களோடு நான் குப்பை கொட்டினேன். கேபிளைப் பிடித்துக்கொண்டு மேஜைக்கு அடியில் தவழ்ந்த அனுபவம் உங்களுக்கும் இருந்தால், இதில் பாதியை நான் சொல்லாமலே புரிந்துகொள்வீர்கள். மீதிப் பாதிக்கு நீங்கள் சிரித்தால் எனக்கு வருத்தமில்லை.

தூக்கிப் பார்த்தவர்

காதர் பாய் இரும்பு வியாபாரி. மெட்ராஸில் மூடிப்போன ஒரு கம்பெனியின் சாமான்களை ஏலத்தில் எடுத்தபோது, அலமாரி, ஆங்கிள், மேஜைகளோடு ஆறு கம்ப்யூட்டர்களும் சேர்ந்து வந்துவிட்டன. உடைத்துப் போட அவருக்கு மனசில்லை. திண்டிவனம் ரோட்டில் இருந்த கடையின் மாடியிலேயே பயிற்சி நிலையம் வைத்துவிடலாம் என்று முடிவு செய்து, பாண்டிச்சேரியில் டிப்ளமோ முடித்துவிட்டுப் பக்கத்து ஊரான வல்லத்தில் வேலையில்லாமல் இருந்த என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

நான் போனபோது அவர் ஒவ்வொரு மிஷினாகத் தூக்கித் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். கை பழகிய வியாபாரி. ஒன்று மட்டும் கனம், மற்ற ஐந்தும் லேசு என்று கண்டுபிடித்திருந்தார். விஷயத்தை மெதுவாகச் சொன்னேன். நாம் எழுதுவதையும், மிஷின் எழுந்து நிற்கத் தேவையான புரோகிராம்களையும் வைத்திருப்பது டிஸ்க். அது கனமான மிஷினில் மட்டும்தான் இருக்கிறது. மற்ற ஐந்துக்கும் சொந்தமாக எதுவும் கிடையாது. கேபிள் வழியாகப் பெரியதிடம் வாங்கித்தான் பிழைக்கும். கம்பெனிக்காரன் செலவைக் குறைக்க அப்படி வாங்கியிருக்கிறான், ஏமாற்று ஒன்றுமில்லை. பாய் தாடியைத் தடவினார். பிறகு சொன்னார்: "அப்ப நான் வாங்கியாந்தது ஒரு கம்ப்யூட்டரு, அஞ்சு காலி டப்பா. போர்டுல ஆறுன்னே எழுதிடும்மா, எவன் வந்து தூக்கிப் பாக்கப் போறான்."

பேர் கேட்கும் மிஷின்

முதல் பேட்ச்சில் அஞ்சலை அக்கா சேர்ந்தார். சிங்கவரத்திலிருந்து சைக்கிளில் வருவார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். புருஷன் இறந்த பிறகு சின்ன மகளோடு அண்ணன் வீட்டில் இருந்தார். டைப்ரைட்டிங் ஏற்கெனவே தெரியும். திண்டிவனத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் பில் போடும் இடத்துக்கு ஆள் தேவைப்பட்டது. கம்ப்யூட்டர் சர்டிபிகேட்டோடு வந்தால் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள். அண்ணன் ஒரே ஒரு பரிட்சைக்குத்தான் ஒப்புக்கொண்டிருந்தார். தேறாவிட்டால் அவர் நிலத்தில் மல்லாட்டை, அதான் நிலக்கடலை, பிடுங்கப் போக வேண்டியதுதான். இதையெல்லாம் முதல் நாளே, அழாமல், பஸ் நேரம் சொல்வதுபோல் என்னிடம் சொல்லிவிட்டார்.

காலியான மிஷின் எப்படி எழுகிறது என்பதை அன்றைக்குப் பாடமாக நடத்தினேன். சுவிட்சைப் போட்டதும் அதற்குத் தன் பேர்கூடத் தெரியாது. நெட்வொர்க் அட்டையில் பொறித்திருக்கிற எண் ஒன்றுதான் தெரியும். அந்த எண்ணைச் சொல்லி, "நான் யார்?" என்று கேபிளில் எல்லாருக்கும் கேட்கும்படி கூவும். பெரிய மிஷின் மட்டும் பதில் சொல்லும்: உன் பேர் இது, உனக்கு வேண்டியதெல்லாம் என்னிடம் இந்த இடத்தில் இருக்கிறது, எடுத்துக்கொள். பதில் வரும்வரை திரையில் புள்ளி புள்ளியாகப் போய்க்கொண்டிருக்கும். தினமும் இதே கதைதான். அணைத்தால் எல்லாம் மறந்துவிடும்.

மற்றவர்கள் சிரித்தார்கள். அஞ்சலை அக்கா புள்ளிகளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "இன்னா டீச்சர், நல்லதுதான? நம்பளுக்குத்தான் காலைல கண்ணு முழிக்கும்போதே எல்லாம் ஞாபகம் வந்துடுது."

என் மிஷின், உன் மிஷின்

சேகர் என்று ஒரு கெட்டிக்காரப் பையன். கல்லூரி முடித்தவன், அது தெரிகிற மாதிரியே நடப்பான். பெரிய மிஷினின் பாஸ்வேர்டை என் விரல்களைப் பார்த்தே கற்றுக்கொண்டிருக்கிறான். ஒரு நாள் தன் மிஷினில் இடத்தை அடைக்கிறது என்று ஒரு டைரக்டரியை அழித்தான். அடுத்த நிமிஷம் அறையில் இருந்த அத்தனை பேரும் கையைத் தூக்கினார்கள். எதை அடித்தாலும் அப்படி ஒரு கட்டளையே இல்லை என்கிறது மிஷின். அவன் அழித்தது எல்லாருக்கும் பொதுவான கட்டளைகள் இருக்கும் இடத்தை. அவன் எதிரே இருந்த டப்பாவில் அழிக்க என்ன இருக்கிறது?

நகல் எடுத்து வைத்திருந்த டேப்பிலிருந்து எல்லாவற்றையும் திரும்ப ஏற்றிமுடிக்க மதியமாகிவிட்டது. எனக்குக் கோபம் வந்தாலும், அவன் முகத்தில் இருந்த குழப்பம் பொய்யில்லை. தன் எதிரே இருப்பது தன்னுடையது என்று நினைப்பது பெரிய குற்றமா என்ன? வீட்டில், பஸ் சீட்டில், வரப்பில் நாம் எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறோம். மகனுக்குச் சாப்பாடு கொண்டுவந்த அவன் நைனா, வாசலில் நின்று முழுக் கதையையும் கேட்டுவிட்டு என்னிடம் சொன்னார்: "எங்க அண்ணந்தம்பி அஞ்சு பேருக்கும் ஒரே கெணறு டீச்சரம்மா. எவன் கல்லு போட்டாலும் அஞ்சு பேருக்குத்தான் தண்ணி இல்ல."

ஆயுத பூஜை

பரிட்சை நடத்த மெட்ராஸிலிருந்து ஒருவர் வருவதாக இருந்தது, விஜயதசமிக்கு மறுநாள். ஆயுத பூஜையன்று கீழே கடையில் தராசுக்கும் வெட்டும் மிஷினுக்கும் பூஜை. பொரி, கடலைக்கு வழக்கம்போல் பாய்தான் ஏற்பாடு. மாடியில் எங்கள் பிள்ளைகளும் கம்ப்யூட்டர்களைத் துடைத்துப் பொட்டு வைத்தார்கள். "உங்க பூஜை, என் மிஷினு. தண்ணி மட்டும் தெளிச்சிடாதீங்க," என்று சொல்லிவிட்டு பாய் இறங்கிப் போனார். யாரும் தண்ணீர் தெளிக்கவில்லை. பூஜை போட்ட கருவியைத் தொடக்கூடாது, மறுநாள் விஜயதசமி விடுமுறை என்று இரண்டு நாளும் எதையும் ஆன் செய்யவும் இல்லை.

பரிட்சையன்று காலையில் பெரிய மிஷின் ஒழுங்காக எழுந்தது. ஐந்து டப்பாக்களிலும் புள்ளி, புள்ளி, புள்ளி. பேர் கேட்கின்றன, பதில் இல்லை. அணைத்துப் போட்டேன். பெரியதையும் அணைத்துப் போட்டேன். கேபிளின் இரண்டு கோடியிலும் இருக்கும் மூடிகளைத் தொட்டுப் பார்த்தேன். வந்திருந்த பரிட்சை அதிகாரி டீயைக் குடித்துவிட்டு, மதியம் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், அதற்குள் ஆகாவிட்டால் அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்றார். அடுத்த முறை என்பது ஆறு மாதம் கழித்து. ஆஸ்பத்திரியில் அதுவரை நாற்காலியைக் காலியாக வைத்திருக்க மாட்டார்கள். எனக்கு அஞ்சலை அக்காவைத் திரும்பிப் பார்க்கவே பயமாக இருந்தது.

அவரே எழுந்து என் பக்கத்தில் வந்து குனிந்தார். "டீச்சர், அந்த ஜாயின்ட்டுக்கு உள்ள பாருங்க," என்றார் மெதுவாக. கேபிள் ஒவ்வொரு மிஷினோடும் சேரும் இடத்தில் ஒரு பித்தளை இணைப்பு உண்டு; வேலை எல்லாம் அதன் கண் வழியாகத்தான் என்று பாடத்தில் காட்டியிருந்தேன். ஒன்றைத் திருகிக் கழற்றினேன். நடு ஊசி தெரியாமல் உள்ளே சந்தனம், காய்ந்து கெட்டியாக. அதன்மேல் துளி குங்குமம். அடுத்ததிலும் அப்படியே. எல்லாம் ஒரே கம்பியில் கோத்தவை, ஒன்று அடைத்தாலே போதும். அஞ்சலை அக்கா ஒன்றைக்கூட விடவில்லை. இணைப்புக்கு மேலே வைக்கக் கூடாதா என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன். அவர் கண் கலங்கியிருந்தது. "எல்லாரும் மேலதான் வெச்சாங்க. வேலை எல்லாம் இந்தக் கண்ணுக்குள்ளதான் நடக்குதுன்னு நீங்கதான சொன்னீங்க. பாஸ் பண்ணணுமேன்னு உள்ள வெச்சேன்."

அந்த மூலையில் இருக்குது சார்

எதிர் கிளினிக்கிலிருந்து ஸ்பிரிட்டும் பஞ்சும் வாங்கிவந்து, ஊசி வளையாமல் ஒவ்வொன்றாகச் சுத்தம் செய்தோம். அதிகாரி கேட்டதற்கு "லைன்ல கோளாறு சார்" என்று மட்டும் சொன்னேன். அஞ்சலை அக்காவைப் பார்த்து, வாயைத் திறக்காதீர்கள் என்று கண்ணைக் காட்டினேன். கடைசி இணைப்பை மாட்டியதும் ஐந்து திரையிலும் எழுத்து ஓடியது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

எழுதும் வேலை முடிந்து வாய்மொழிக் கேள்விகள். ஆன் செய்ததும் இந்த மிஷின் எங்கிருந்து சிஸ்டத்தை எடுத்துக்கொள்கிறது என்று அவர் எல்லாரிடமும் ஒரே கேள்விதான் கேட்டார். சேகர் உட்பட எல்லாரும் அச்சடித்த புத்தகத்தில் இருந்ததை ஒப்பித்தார்கள்: மிஷினுக்கு உள்ளே இருக்கும் டிஸ்க்கிலிருந்து. அவர் தலையை ஆட்டி ஆட்டி அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அஞ்சலை அக்கா முறை வந்தது.

"இதுக்குள்ள ஒன்னும் இல்ல சார். எல்லாம் அந்த மூலைல இருக்குது. இது பேர் கேக்கும், அது சொல்லும், அப்பறம் அது வெச்சிருக்கிறதையே இது தன்னுதா நெனச்சி வேலை செய்யும்."

"புத்தகத்துல அப்படி இல்லையேம்மா?"

"புக்குல இருக்கிற மிஷினு வேற சார். இது கேக்கறது அதுக்குக் கேக்கலன்னா இப்டி புள்ளிதான் வரும். காலைல வந்திச்சே, அது லைன் கோளாறு இல்ல. நான் ஜாயின்ட்டு உள்ள சந்தனம் வெச்சிட்டேன். நான்தான் சார்."

அதிகாரி எழுந்துபோய் ஒரு டப்பாவின் பின்பக்கம் குனிந்து பார்த்தார். பித்தளை ஓரத்தில் இன்னும் மஞ்சளாக ஒட்டிக்கொண்டிருந்ததை நகத்தால் சுரண்டி, முகர்ந்தார். திரும்பி வந்து உட்கார்ந்து, மார்க்கைப் போட்டுவிட்டு, என்னைத்தான் பார்த்தார்: "இந்த ரூம்ல இருக்கிற மிஷினைப் பத்தி இன்னிக்கு எனக்குச் சொன்னது இவங்க ஒருத்தர்தான். இவங்க பாஸ். மத்தவங்களையும் பாஸ் போட்டுடறேன், ஆனா டீச்சர், நீங்க என்கிட்ட சொன்ன 'லைன் கோளாறும்' புத்தகத்துல இருக்கிற பதில்தான்."

அஞ்சலை அக்கா திண்டிவனத்தில் வேலைக்குச் சேர்ந்து, மகளையும் தன்னோடு அழைத்துப் போய்விட்டார். அதற்குப் பிறகு எத்தனையோ ஊர்களில் எத்தனையோ கம்ப்யூட்டர்களைக் கிளப்பிவிட்டேன், ஒவ்வொன்றின் வயிற்றிலும் சொந்தமாக டிஸ்க் இருந்தது, ஆனால் பழுதானபோது "நான்தான்" என்று யாரும் எழுந்து வந்ததில்லை.